தண்ணீர் படக்கூடாதது

ரோஸ்வித்தா டாவுத் டிராமில் உட்காருவதில்லை. இருக்கைகள் எல்லாம் காலியாகக் கிடந்தாலும் பின்வாசலை ஒட்டி, கதவிடுக்கில் காற்று வரும் இடமாகப் பார்த்து நின்றுகொள்வாள். ஆலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே இருந்த ஒரு தாய் தன் குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதன் சட்டையை முகர்ந்தாள். அப்புறம் நிமிர்ந்து ரோஸ்வித்தாவைப் பார்த்தாள். சற்று நேரத்தில் கண்டக்டர் வந்து குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டார்.

"ஏம்மா, உடம்புக்கு முடியலையா? வாந்தி கீந்தி எடுத்துட்டீங்களா? கூச்சப்படாமச் சொல்லுங்க, அடுத்த நிறுத்தத்துல கைபிடிச்சு இறக்கி விடறேன்."

நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீடுவரை மழையில் நடந்தாள்.

மைன் நதிக்கரையில் இருந்த நீடர்பாக் என்ற ஊரில் பாதிப் பேருக்கு ரசாயன ஆலைதான் சோறு போட்டது. சாயப் பிரிவுக்காரர்களின் நகக்கண் நீலமாக இருக்கும். உரப் பிரிவுக்காரர்கள் இருமுவார்கள். அதையெல்லாம் ஊர் பொருட்படுத்தாது. உழைக்கிறவன் அடையாளம் என்று விட்டுவிடும். ரோஸ்வித்தா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் புழங்கியதோ பியூட்ரிக் அமிலம். ஊர்க்காரர்கள் அதை வெண்ணெய் அமிலம் என்பார்கள். பெயரில்தான் வெண்ணெய். ஊசிப்போன வெண்ணெயும் குழந்தை கக்கிய பாலும் சேர்ந்து மூன்று நாள் மூடிவைத்தது போன்ற வாடை. மயிரில் ஏறினால் மயிரோடு வரும், தோலில் ஏறினால் தோலோடு வரும்.

அந்த அமிலத்தைக் குளோரைடாக மாற்றுவதுதான் அவளுடைய வேலை. அமிலத்தின் வால்பக்கம் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஜோடியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் குளோரினை உட்காரவைக்க வேண்டும். அதற்குப் பல வழிகள் உண்டு. பாஸ்பரஸ் குளோரைடு போட்டும் செய்யலாம். ஆனால் அது பின்னால் கசடு வைத்துவிட்டுப் போகும். ரோஸ்வித்தாவின் ஆய்வுக்கூடத்தில் தயோனைல் குளோரைடுதான் வழக்கம். அது வேலையை முடித்துவிட்டுத் தானே இரண்டு வாயுக்களாகப் பிரிந்து குழாய் வழியே ஓடிவிடும். அந்த வாயுக்கள் நெஞ்சைப் பிடிக்கக்கூடியவை. காரநீர்க் குடுவைக்குள் செலுத்தி அடக்குவார்கள். மிச்சமிருப்பதை மெல்லச் சூடாக்கி வடித்தால், தண்ணீர்போலத் தெளிந்த ஒரு திரவம் சொட்டுச் சொட்டாக வந்து சேரும்.

பார்க்கத்தான் தண்ணீர்போல. உண்மையில் தண்ணீரைக் கண்டால் அதற்கு ஆகாது. மழைநாளில் பாட்டில் மூடியைத் திறந்தாலே போதும், காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கழுத்தருகே வெள்ளையாகப் புகையும். கழுவிய குடுவையைச் சரியாக உலர்த்தாமல் அதில் ஊற்றினால் சீறிக்கொண்டு பொங்கும். பொங்கி, பழைய அமிலமாகவே திரும்பிவிடும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையையும் கக்கும். கண்ணிலும் மூக்கிலும் ஈரம் இருக்கிறதே, அங்கேயும் அதே கதைதான்.

ஆனால் அதே திரவத்தைச் சாராயத்தோடு சேர்த்தால் அன்னாசிப்பழ வாசனை வரும். பக்கத்து அறையில் அந்த வேலை செய்த டோரிஸ் மாலையில் மிட்டாய்க் கடைபோல மணந்துகொண்டு வீட்டுக்குப் போவாள்.

"உன்னோட சரக்கு இல்லாம என்னோட சரக்கு இல்லடி," என்பாள் டோரிஸ். "நீ மாடு மாதிரி நாறினாத்தான் நான் பழம் மாதிரி மணக்க முடியும். கடவுள் யாரை எங்க வைக்கணும்னு தெரிஞ்சுதான் வெச்சிருக்கான்."

ரோஸ்வித்தா சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கையை இன்னொரு முறை கழுவுவாள்.

அவளுடைய அம்மா ஒரு ஹோட்டலில் துணி இஸ்திரி போட்டவள். போரில் புருஷனைப் பறிகொடுத்து, கஞ்சி போட்ட விரிப்புகளின் நடுவே ஒற்றை மகளை வளர்த்தாள். "ஏழையா இருக்கிறது நம்ம குத்தமில்ல. அழுக்கா இருந்தா அது நம்ம குத்தம்" என்பது அவள் வாயில் சதா இருந்த பேச்சு. அம்மா செத்துப் பல வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு சாகவில்லை. ஆலையிலிருந்து வந்ததும் ரோஸ்வித்தா உடைகளை மாடியறைத் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டுவாள். சோடா உப்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் குளிப்பாள். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு ஒன்று வந்து, வந்தவன் ஒரே சந்திப்போடு திரும்பி வராமல் போன பிறகு, இனி இப்படித்தான் என்று இருந்துவிட்டாள்.

இப்படி இருந்தவள் முப்பத்தைந்து வயதுக்கு மேல் தேவாலயப் பாட்டுக்குழுவில் சேர்ந்தாள். குரல் நல்ல குரல், தாழ்ந்த சுருதியில் கனமாக நிற்கும். குழு கூடுவது சனிக்கிழமை மதியம். ஆலைக்குச் சனிக்கிழமை விடுமுறை வந்துவிட்ட காலம் அது. வெள்ளி மாலை முழுக்கத் தேய்த்துக் குளித்தால் சனி மதியத்துக்குள் ஓரளவு மனுஷியாகிவிடலாம் என்பது அவள் கணக்கு.

முதல் நாள் பக்கத்தில் நின்ற ராய்ஸ் அம்மாள், மருந்துக்கடைக்காரர் மனைவி, விசாரித்தாள். "ஆலையிலயா? அங்க எதுல?"

"ஆபீஸ்ல. தட்டச்சு பண்றேன்," என்று சொல்லிவிட்டாள் ரோஸ்வித்தா. வாய் தானாகச் சொன்னது.

பொய்க்குத் தீனி போடவேண்டி வந்தது. "தட்டச்சு தெரிஞ்சவங்க நம்ம குழுவுலயே இருக்கீங்க, நிகழ்ச்சி நிரலை அடிச்சுக் கொடுங்களேன்" என்று ராய்ஸ் அம்மாள் கேட்டாள். ரோஸ்வித்தாவுக்குத் தட்டச்சுப் பொறியில் காகிதம் நுழைக்கவே தெரியாது. டோரிஸின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆலை ஆபீஸில் அவளுக்குத் தெரிந்த பெண்ணிடம் அடித்து வாங்கினாள். எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்டைக் கேட்கக் கேட்க அவளுக்குக் காது கொதித்தது.

அந்தக் குழுவில் மேல்சுருதியில் பாடியவன் லோதார் எமெல். ரொட்டிக்கடை வைத்திருந்தான், மனைவியை இழந்தவன், நாற்பதைத் தாண்டியவன். ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையிலும் இருந்தான். அதிகம் பேசமாட்டான். பயிற்சி முடிந்ததும் அவளோடு டிராம் நிறுத்தம்வரை நடப்பான். பிறகு நிறுத்தத்தைத் தாண்டியும் நடந்தார்கள். அவன் பேச்சு முழுக்க மாவு, அடுப்பு, காற்றில் ஈரம் கூடினால் மாவு எப்படி அடம்பிடிக்கும் என்பதைப் பற்றியே இருக்கும். ஈரம் என்ன பாடு படுத்தும் என்று அவளுக்கும் தெரியும். சொல்ல வாய் வரை வரும். தட்டச்சுக்காரிக்கு அது எப்படித் தெரியும்? விழுங்கிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு மேலிருந்த வீட்டுக்குச் சாப்பிட அழைத்தான். அவனுடைய அக்கா கெர்டா வாசலுக்கே வந்து, "வாம்மா, உன்னைப் பத்தியேதான் பேசறான். பேசறான்னா, அவன் பேசுற அளவுக்கு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனாள். ஆப்பிள் ஒயின் வந்தது. ரொட்டி வந்தது. கெர்டா சமையலறையிலிருந்து மூடிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் எடுக்க உள்ளே போனாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. வியர்வைபோல, ஊசிப்போனதுபோல. ரோஸ்வித்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். இரண்டு நாள் தேய்த்தும் போகவில்லையே! மணிக்கட்டைத் துடைப்பது போல மூக்கருகே கொண்டுபோனாள். சட்டையின் கழுத்துப்பட்டியா? செருப்பா? அறையின் சூட்டில் உடம்பு வியர்க்க வியர்க்க வாடை கூடுவது போலிருந்தது. லோதார் மூக்கைச் சுளிக்கவில்லை. பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"தலை ரொம்ப வலிக்குது. மன்னிச்சுக்கங்க," என்று எழுந்து, கோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

அடுத்த வாரம் கடைவீதியில் கெர்டா பிடித்துக்கொண்டாள். "என்னம்மா, என் பாலாடைக்கட்டிக்குப் பயந்தா ஓடின? நாறும்தான், ஒத்துக்கறேன். நாறினாத்தான் அது பக்குவம். பிடிக்கலைன்னா சொல்லியிருக்கக் கூடாதா? வேற ஏதாவது வெச்சிருப்பேனே."

பாலாடைக்கட்டி! அந்த ஊரில் குழந்தைகூட வெங்காயம் போட்டு வினிகர் ஊற்றித் தின்னும் பண்டம். வேறு யாராக இருந்தாலும் நின்ற இடத்திலேயே வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். ரோஸ்வித்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மூக்கையே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டோமே என்று கூனிக் குறுகிப்போனாள்.

இருந்தும் லோதார் டிராம் நிறுத்தம்வரை நடப்பதை நிறுத்தவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, தூறல் விட்டும் விடாமலும் இருந்த மதியம். பாட்டுக்குழு பயிற்சியை முடித்துவிட்டுத் தேவாலயக் கூடத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளிலும் ஆலையிலிருந்து ரயில் சரக்கு நிலையத்துக்குப் போகும் லாரி ஒன்று ஈரக் கல்பாவிய வீதியில் திரும்பும்போது வழுக்கி, நடைபாதையில் மோதி நின்றது. பின்னாலிருந்த இரும்புப் பீப்பாய் ஒன்று உருண்டு விழுந்து விளிம்பில் பிளந்தது. திரவம் கல்லிடுக்குகளில் ஓடிக் குட்டையாகத் தேங்கியது. அது ஓடிய வழியெல்லாம் வெண்புகை எழுந்தது. ஓட்டுநர் நெற்றியில் அடிபட்டுக் கதவைப் பிடித்தபடி பேச்சற்று நின்றார்.

லோதார் பாட்டுத் தாள்களை ரோஸ்வித்தாவின் கையில் திணித்துவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த தீயணைப்புக் கொட்டகைக்கு ஓடினான்.

அதற்குள் வாடை வந்துவிட்டது. ரோஸ்வித்தாவுக்கு ஒரு மூச்சே போதுமாயிருந்தது. அவளுடைய சரக்குதான். அவள் ஆய்வுக்கூடத்தில் குடுவையில் செய்து பார்த்ததை ஆலை இப்போது பீப்பாய் பீப்பாயாகச் செய்துகொண்டிருந்தது.

"சீ! என்ன நாத்தம் இது!" ராய்ஸ் அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பன்னித் தொழுவம் பரவாயில்லை. இதைத் தொட்டு வேலை செய்யறதுங்க எப்படித்தான் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தொடுதுங்களோ!"

"குளிக்கவே குளிக்காதுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து நின்றது. லோதார் அதன் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு வந்தான். தலைக்கவசத்தைச் சரியாக மாட்டக்கூட நேரமில்லை. குழாயை இழுத்தார்கள். அவன்தான் முனையைப் பிடித்தான். புகை வருகிறது, தண்ணீர் அடிக்க வேண்டும். வேறென்ன தோன்றும் அவர்களுக்கு?

தண்ணீர் அடிக்கக்கூடாது என்று ரோஸ்வித்தாவுக்குத் தெரியும். அந்த வீதியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் போதும். ஆனால் திறந்தால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று ராய்ஸ் அம்மாள் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை, டிராமில் குழந்தையை முகர்ந்த தாயின் பார்வை, கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. யாராவது சொல்வார்கள். ஓட்டுநர் சொல்வார். அவருக்குத் தெரிந்திருக்குமே. பாட்டுத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

குழாய் திறந்தது.

குட்டை வெடித்தாற்போலப் பொங்கியது. வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து, குழாய் முனையையும் பிடித்தவனையும் விழுங்கியது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. இருமலுக்கும் அலறலுக்கும் நடுவான ஒரு சத்தம்.

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. "தண்ணியை நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா! தண்ணி படக்கூடாது அதுல!" பாட்டுத் தாள்கள் கீழே சிதற, முன்னால் ஓடினாள்.

படைத்தலைவர் அவள் தோளைப் பிடித்துத் தடுத்தார். "ஏம்மா, ஒதுங்கு! யாரு நீ?"

"இதைச் செய்யறவ நான்தான்யா! என் கையாலதான் செய்யறேன். மணல் கொட்டுங்க. தெருமுனையில பனிக்குப் போடற மணல் பெட்டி இருக்கு, உலர்ந்த மணல், அதைக் கொட்டுங்க. ஆளுங்களைக் காத்து வர்ற பக்கமா இழுங்க. அவரு கண்ணை, கண்ணை மட்டும் நல்லாத் தண்ணி விட்டுக் கழுவுங்க, நிறுத்தாமக் கழுவுங்க!"

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. மணல் விழுந்தது. புகை அடங்கியது. லோதாரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூடிய கண்களிலிருந்து நீர் தாரையாக வழிந்தது. மூச்சு கீறிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு ரோஸ்வித்தா திரும்பிப் பார்த்தாள். பாட்டுக்குழு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராய்ஸ் அம்மாளின் முகம் வெளுத்திருந்தது. வரும் என்று ரோஸ்வித்தா இத்தனை நாள் பயந்த பார்வை வரவில்லை. தன் கைக்குட்டையைத்தான் நீட்டினாள்.

ஊர்ப் பத்திரிகை அவளைத் துணிச்சல்காரி என்று எழுதியது. படைத்தலைவர் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"நான் முன்னாடியே கத்தியிருக்கணும்யா," என்றாள் அவரிடம். "தெரிஞ்சுதான் நின்னேன்."

"அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணும்மா," என்றார் அவர். "நீங்க இல்லைன்னா இன்னும் நாலு பேர் விழுந்திருப்பாங்க." பூங்கொத்தை அவரே தண்ணீர் ஜாடியில் வைத்துவிட்டுப் போனார். டோரிஸிடம் சொன்னாள். டோரிஸும், "பதட்டத்துல யாருக்குத்தான் வாய் வரும்? பைத்தியம் மாதிரிப் பேசாத" என்றாள். கேட்க ஆளில்லாத பாவமாக அது அவள் நெஞ்சில் கிடந்தது.

ஒரு வாரம் கழித்து, ஆலை விட்டதும் குளிக்காமல், உடை மாற்றாமல், நேரே மருத்துவமனைக்குப் போனாள். தாழ்வாரத்தில் செவிலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோஸ்வித்தா நிற்காமல் நடந்தாள். லோதாரின் கண்கள் கட்டப்பட்டிருந்தன. அவள் கதவருகே வந்ததுமே தலையைத் திருப்பினான்.

"ரோஸ்வித்தா. வேலையிலிருந்து நேரா வர்றியா?" குரல் பிய்ந்த துணிபோல இருந்தது.

"ஆமா." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் தட்டச்சு பண்றவ இல்லை."

"தெரியும். முதல் நாளே தெரியும். ரொட்டி சுடறவன் நான். வெண்ணெய் ஊசினா எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எலுமிச்சம்பழத்தை மேல பூசிக்கிட்டு வந்து நிப்ப. நீயா சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு முகம் எரிந்தது. இத்தனை பாடும் எதற்கு? ஆனால் அவள் சொல்ல வந்தது அது அல்ல.

"அன்னிக்கு வாடை வந்தவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க குழாயை இழுக்கறப்பவே தெரியும். தண்ணி அடிச்சா என்ன ஆகும்னும் தெரியும். வாயைத் திறக்கலை. அவங்க முன்னாடி, நான் நாறற வேலை செய்யறவன்னு தெரிஞ்சிடுமேன்னு நின்னேன்."

லோதார் கட்டுப்போட்ட முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"சொல்றதுக்கு நேரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் தான் வந்தோமோ என்று அவளுக்கு அப்போது உறைத்தது. அதுவும் வெட்கமாக இருந்தது. எழுந்தாள்.

"போயிட்டு வா," என்றான் சுவரைப் பார்த்தபடியே.

வீட்டுக்கு நடந்துபோகும் வழியெல்லாம் அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். போ என்றும் இருந்தது, வா என்றும் இருந்தது. மறுநாள் மாலை மறுபடியும் போனாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம்வரை வேறு எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், மருத்துவமனை ரொட்டி மரத்தூள் மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டான். அவள் கெர்டாவிடம் சொல்லிக் கடை ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

கண்கள் தேறின. நெஞ்சு தேறவில்லை. மாவுத்தூசி பட்டாலே மூச்சு இரைத்ததால் கடையைக் கெர்டாவின் மருமகனிடம் விட்டுவிட்டு, நகராட்சி நூலகத்தில் புத்தகம் எடுத்துக்கொடுக்கும் வேலைக்குப் போனான். பாட்டு போனது போனதுதான். ரோஸ்வித்தாவைத் திரும்ப வரச் சொல்லி ராய்ஸ் அம்மாளே வீடு தேடி வந்து கேட்டும், அவள் பாட்டுக்குழுவுக்குப் போகவில்லை. ஆலையில் அதே மேசையில்தான் ஓய்வுவரை வேலை பார்த்தாள். எங்கே வேலை என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொன்னாள்.

விபத்து நடந்து இரண்டு வருஷம் கழித்து இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த நவம்பரைப் பற்றி அவன் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. மன்னித்துவிட்டானா, மறந்துவிட்டானா, பேச வேண்டாமென்று வைத்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவர்களுடைய வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. லோதார் ஒவ்வொரு தளத்திலும் நின்று, கைப்பிடியில் சாய்ந்து, மூச்சு திரும்பும்வரை காத்திருப்பான். அந்த நேரத்தில் ரோஸ்வித்தா அவனைப் பார்க்கமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு கைப்பைக்குள் எதையாவது தேடுவாள். வருஷக்கணக்காக இப்படித் தேடினாள்.

ஒருநாள் இரண்டாம் தளத்தில் நின்று மூச்சிரைத்துக்கொண்டே அவன் கேட்டான். "என்னடி அப்படித் தேடற?"

"சாவி," என்றாள் அவள் நிமிராமல்.

"சாவி உன் கையிலதான் இருக்கு," என்றான் லோதார். இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கினான். பிறகு அவள் தோளில் கைவைத்துக்கொண்டு அடுத்த படியில் காலை எடுத்துவைத்தான்.